திருக்கேதீச்சரம்: பாழ்பட்ட பழம்பதி மீண்டெழுந்த வரலாறு

திருச்சிற்றம்பலம்

சிவாலயங்களுக்குச் செய்யப்பெறும் கும்பாபிஷேகத்தை ஆவர்த்தம், அனாவர்த்தம், புனராவர்த்தம், அந்தரிதம் என நால்வகைப்படுத்திக் கூறுதல் மரபு. புதிதாக எடுப்பித்த ஆலயத்தில் இறைவன் திருவுருவை முதன்முதல் எழுந்தருளச் செய்வது ஆவர்த்தம். நெடுங்காலம் பூசையின்றி, வெள்ளத்தாலோ கடலாலோ பிறவற்றாலோ சிதைந்தொழிந்த ஆலயத்தை மீளக் கட்டிப் பிரதிட்டை செய்வது அனாவர்த்தம். வழிபாட்டிலுள்ள ஆலயம் காலத்தால் பழுதுற்றவிடத்துப் பாலாலயஞ் செய்து, திருப்பணி முடித்து, மீளவும் குடமுழுக்காட்டுவது புனராவர்த்தம். கள்வர் புகுதல் முதலியவற்றால் நேர்ந்த குற்றத்தை நீக்கும்பொருட்டுச் செய்வது அந்தரிதம்.

இந்நான்கனுள் அன்பர்கள் அடிக்கடி கண்டு மகிழ்வது புனராவர்த்தம் ஒன்றேயாம். அனாவர்த்தம் காண்டல் அரிது. பூசை நின்று கோயில் இடிந்ததாயின், அக்கோயிலைச் சூழ்ந்த ஊரும் பெரும்பாலும் இடிந்தே கிடக்கும். கோயிலை எடுப்பிக்கும் முறையை ஆகமங்கள் விரித்துரைக்கின்றன; சிற்பியரும் சிவாசாரியரும் அதனை நிறைவேற்றி வைப்பர். ஆயின் கோயிலோடு உடன் அழிந்த ஊரை எடுப்பிப்பார் யார்? குடி பெயர்ந்த தெருவிலே மீண்டும் குடியேற்றுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, ஈழநாட்டுத் தேவாரத் திருத்தலமாகிய திருக்கேதீச்சரத்தின் வரலாறு சிறந்ததொரு பாடமாக அமைந்துள்ளது.

பதியும் பதிகமும்

ஈழத்தின் வடமேற்குக் கரையில், மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் ஓரமாக அமைந்தது மாதோட்டம். மாந்தை என்பதும் அதுவே. பாலி மொழி நூல்கள் இதனை மகாதித்தம் என்று வழங்கும். கேது வழிபட்டமையால் இறைவன் திருக்கோயில் கேதீச்சரம் எனப் பெயர் பெற்றதென்பது தல வரலாறு. அருகே பாலாவி என்னும் தீர்த்தம் உள்ளது. அம்மை திருநாமம் கௌரி.

ஈழத்தில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இரண்டே. ஒன்று கீழ்க்கரையிலுள்ள திருக்கோணமலை. மற்றொன்று மேல்கரையிலுள்ள இத்திருக்கேதீச்சரம். கி. பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகளும், அவர்க்குப் பின்வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளும் இத்தலத்தைப் பாடியருளினர். இருவரும் இராமேச்சரத்தில் எழுந்தருளியிருந்தபொழுதே கடலுக்கு அப்பாலுள்ள இத்தலத்தை நினைந்து பாடினர் என்பது சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தால் அறியப்படும். பதிகங்களில் இத்தலம் ஆளில்லாக் காட்டுக் கோயிலாக வைத்துப் பாடப்படவில்லை என்பது கருதத்தக்கது. மரக்கலங்கள் மலிந்த கடற்கரையில் விளங்கிய நன்னகரமாகவே சுந்தரர் இதனைச் சிறப்பிக்கின்றார். பதிகம் எழுந்த காலத்தில் கோயிலும் ஊரும் ஒன்றாய் வாழ்ந்தன.

அவ்வாழ்வு எத்தகையது என்பதை மண்ணும் சான்று பகர்ந்துள்ளது. அநுராதபுரம் ஈழத்தின் தலைநகராய் இருந்த காலமெல்லாம் அதன் பெருந்துறைமுகமாக நின்றது மாதோட்டமே. விசயனுக்கு மணமகளாகப் பாண்டிநாட்டினின்று வந்த அரசிளங்குமரியும் அவளுடன் வந்த பரிவாரமும் இத்துறையிலேயே வந்து இறங்கினர் என்று மகாவம்சம் கூறும். 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் இங்கு நிகழ்த்திய அகழாய்வில் சீன நாட்டுப் பீங்கானும், மேற்காசிய நாடுகளின் மெருகிட்ட கலங்களும், மணிகளும் கிடைத்தன. 2009-2010இல் மீண்டும் நிகழ்ந்த அகழாய்வில் கரிந்துபோன நெல்மணிகளும், சில மிளகுகளும், ஒரே ஒரு கிராம்பும் கண்டெடுக்கப்பட்டன. அக்கிராம்பின் காலம் கி. பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதென்று கணித்துள்ளனர். அக்காலத்தில் கிராம்பு விளைந்த இடம், ஏறத்தாழ 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், இன்றைய இந்தோனேசியாவின் கீழ்க்கோடியிலுள்ள மலுக்குத் தீவுகளே. எத்தனையோ கடல்களைக் கடந்துவந்த அச்சிறு மொட்டு, மாதோட்டத்து மண்ணில் ஆயிரம் ஆண்டுகள் கிடந்து, அவ்வூரின் பழஞ்செல்வத்தைப் பிற்காலத்தார்க்கு உணர்த்திற்று.

தாழிகுமரன் எடுப்பித்த கோயில்

முதலாம் இராசராச சோழன் ஆட்சி ஈழத்தில் பரவியபொழுது மாதோட்டம் இராசராசபுரம் என்று மறுபெயர் பெற்றது. சோழநாட்டைச் சேர்ந்த தாழிகுமரன் என்பான் அந்நகரில் இராசராச ஈச்சரம் என்னும் சிவாலயத்தை எடுப்பித்து, அதற்கு நிவந்தமும் ஏற்படுத்தினான். இச்செய்தி அங்கே கிடைத்த கல்வெட்டால் தெளிவாகின்றது. இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்றால் திருவிராமீச்சரம் என்னும் மற்றொரு சிவாலயமும் அந்நகரில் இருந்தமை விளங்கும். ஒரே ஊரில் பாடல் பெற்ற பழங்கோயில் ஒன்று. அதன் அருகே அதிகாரியும் வணிகரும் போற்றிய கோயில்கள் வேறு. விளக்கெரிக்க எண்ணெயும், அமுதுபடிக்கு நெல்லும், திருமாலைக்குப் பூவும் அவ்வூரிலேயே கிடைத்தன.

திருப்பணி அன்பர்கள் இங்கு ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். சோழர் காலத்து அறக்கொடைகள் சந்திரனும் சூரியனும் உள்ளவரையும் நிலைபெறுக என்ற கருத்துடனே கல்லில் வெட்டப்பட்டவை. தாழிகுமரன் மட்டும் தன் கோயில் சில நூற்றாண்டுகளில் மறைய வேண்டும் என்றா எண்ணியிருப்பான்? இன்று அவன் பெயர் தாங்கிய கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அவன் எடுப்பித்த கோயிலோ வழிபாட்டில் இல்லை. அது நின்ற இடத்தைத் தொழுவாரும் இல்லை. கொடையாளியின் பக்தியில் குறையில்லை. கல்லின் உறுதியிலும் குறையில்லை. அறத்தைப் பேணுதற்குரிய ஊர் இல்லாது போயிற்று. அதனால் அறமும் நின்றுவிட்டது.

பாழ்பட்ட விதம்

ஊர் ஒரு நாளில் அழிவதில்லை. மாதோட்டமும் அவ்வாறே சிறிது சிறிதாகத் தளர்ந்தது. சோழர் ஆட்சியில் ஈழத்தின் தலைமை இடம் அநுராதபுரத்தினின்று பொலன்னறுவைக்கு மாறிற்று. தலைநகர் பெயர்ந்தவுடன் அதற்குரிய துறைமுகத்தின் வாணிகமும் குன்றத் தொடங்கிற்று. 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் அந்நகரின் பெருவாழ்வு ஒடுங்கியதாக அகழாய்வு காட்டுகின்றது. வாணிகம் குன்றியபின்னும் திருக்கோயில் வழிபாடு பன்னெடுங்காலம் நடந்துவந்தது.

பின்னர் வந்தது போர்த்துக்கேயர் காலம். 1560இல் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினர். திருக்கேதீச்சரத் திருக்கோயிலை இடித்து அதன் கற்களை அக்கோட்டைக்கும் பிற கட்டடங்களுக்கும் பயன்படுத்தினர் என்பது ஈழத்துச் சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. புதிய ஆட்சியில் கத்தோலிக்கரும் ஒடுக்குமுறைக்கு ஆளாயினர். மாந்தைத் தேவாலயத்தில் இருந்த மாதாவின் திருவுருவத்தை அவர்கள் 1670ஆம் ஆண்டளவில் காட்டுவழியே கொண்டுசென்று மடுவில் வைத்துக் காத்தனர். இன்று இலட்சக்கணக்கானோர் செல்லும் மடுத் திருப்பதியின் தோற்றம் அதுவே. ஆகவே மாந்தை மண்ணை விட்டு அகன்றவர் ஒரு சமயத்தார் மட்டும் அல்லர். ஊர் வெறுமையாகும்பொழுது அதன் துன்பம் எல்லாரையும் தாக்குகின்றது.

மக்கள் பெயர்ந்தபின் குளக்கரைகளைக் காப்பார் இல்லை. கரை உடைந்தால் நீர் நில்லாது. நீர் நில்லாத வயல் புதராகும். புதர் மண்டினால் காய்ச்சலும் காட்டுவிலங்கும் குடிபுகும். காய்ச்சல் வந்த ஊரில் எஞ்சிய குடியும் தங்காது. கோயில் இடிவதற்கு ஒரு பகைவன் போதும். ஊர் காடாவதற்கோ இந்தச் சங்கிலித் தொடர் வேண்டும். மாதோட்டத்தில் இரண்டும் நிகழ்ந்தன. மும்மையும் சிறந்து நின்ற பெருநகரம் முள்மரக் காட்டுக்குள் மண்மேடாகக் கிடந்தது. தேவாரம் ஓதும் அன்பர்கள் பாலாவியையும் மாதோட்டத்தையும் நாவால் நாள்தோறும் சொல்லிவந்தனர். அவை எங்கே உள என்று கண்ணால் கண்டவர் மிகச் சிலரே.

நாவலர் பெருமான் விதைத்த வித்து

இந்நிலையில் திருக்கேதீச்சரத்தை மீண்டும் மக்கள் நெஞ்சில் நிறுத்தியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1872இல் அவர் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்தில், பாடல்பெற்ற இத்தலம் பாழாய்க் கிடத்தலைச் சுட்டி, அதனைப் புதுப்பித்தல் சைவர்தம் கடமையென்று இடித்துரைத்தார். புதுக் கோயில்கள் பல கட்டுவதில் ஊக்கங்காட்டியோர் தேவாரத் தலத்தை மறந்திருந்தமை அவர் உள்ளத்தை உறுத்திற்று. 1879இல் நாவலர் சிவபதம் அடைந்தார். அவர் கண்ணால் அக்காட்டில் ஒரு விளக்கும் எரியக் கண்டிலர். ஆயினும் அவர் விதைத்த சொல் வீண்போகவில்லை.

1887இல் மன்னாரில் அரசாங்க உதவி அதிபராயிருந்த போக் என்னும் ஆங்கிலேயர் இவ்விடத்தின் பழமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1893இல் சைவ அன்பர்கள் ஒன்றுகூடி, அரசாங்கம் ஏலத்தில் விற்ற அந்நிலத்தை விலைக்கு வாங்கினர். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் யாழ்ப்பாணத்துச் சைவரும் இம்முயற்சியில் கைகோத்தனர். 1894இல் காடு வெட்டித் தேடியபொழுது பழைய கோயில் இருந்த இடம் புலனாயிற்று. சிவலிங்கமும் வேறு சில திருவுருவங்களும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. 1903இல் சிறியதொரு கோயில் அமைத்துக் குடமுழுக்குச் செய்தனர். நாவலரின் அறைகூவலுக்கும் இக்குடமுழுக்குக்கும் இடையே சென்ற காலம் 31 ஆண்டுகள். ஆகம நூல்கள் கூறும் அனாவர்த்தம் ஈழத்து மண்ணில் இவ்வாறு நிறைவேறிற்று.

அகழ்ந்தெடுத்த பழைய சிவலிங்கத்தை அன்பர்கள் மறைத்துவிடவில்லை. அது மகாலிங்கம் என்னும் பெயரால் பிராகாரத்தில் போற்றப்பெறுகின்றது. மகாசிவராத்திரி நாளில் அடியார்கள் பாலாவியில் நீராடி, குடங்களில் தீர்த்தம் முகந்துவந்து, தத்தம் கையாலேயே அப்பெருமானுக்கு அபிடேகம் செய்கின்றனர். சாதியும் செல்வமும் பாராது ஆயிரமாயிரம் பேர் தோளில் நீர்க்குடம் தாங்கி வரிசையாய்ச் செல்லும் அக்காட்சி கண்டார் நெஞ்சை உருக்கவல்லது. பழையதைப் புதுப்பித்தலில் சிறந்த முறையும் இதுவே. பழையதைப் புறக்கணியாது அதற்கோர் இடமும் பணியும் வகுத்தனர் அம்முன்னோர்.

நீரும் குடியும்

1903இல் கோயில் எழுந்தது, ஊர் எழவில்லை. திருவிழா நாளில் அன்பர்கள் வருவர், மறுநாள் திரும்புவர். எஞ்சிய நாட்களில் சிவாசாரியரும் சில பணியாளருமே காட்டின் நடுவில் இருந்து விளக்கேற்றுதல் வேண்டும். ஊரின்றிக் கோயில் தனித்து வாழ்தல் எவ்வளவு அரிது என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்தனர்.

ஊர் எழுவதற்கு முதல் வேண்டுவது நீர். மாதோட்டத்துக்குத் தென்கிழக்கே கட்டுக்கரைக்குளம் என்னும் பழம்பெரும் ஏரி உள்ளது. பண்டை அரசர் அருவியாற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்தில் கல்லணை கட்டி, கால்வாய் வழியே அந்நீரை இவ்வேரிக்குக் கொணர்ந்தனர். ஏரி நிறைந்தால் அதன்கீழுள்ள பல சிறு குளங்கள் நிறையும். குளந்தோறும் ஓர் ஊர் வாழும். பல நூற்றாண்டுகளாக உடைந்து கிடந்த இவ்வேரியை ஆங்கில அரசாங்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செப்பனிட்டது. காடாய்க் கிடந்த மன்னார்ப் பெருநிலத்தில் மீண்டும் நெல் விளைந்தது. சிறு குளங்களின் கீழ்க் குடிகள் பெருகின. திருக்கேதீச்சரம் வெளிப்பட்ட காலமும் கட்டுக்கரைக்குளம் திருத்தப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றாய் அமைந்தமை திருவருட் செயலே எனலாம். முன்னதைச் செய்தவர் பக்தர். பின்னதைச் செய்தவர் பொறியாளர். ஒருவர் பணி மற்றவர் பணியைத் தாங்கிற்று.

அடுத்து வேண்டுவது வழி. 1914இல் தலைமன்னாருக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. மாதோட்டம், திருக்கேதீச்சரம் என்னும் பெயர்களிலேயே நிலையங்கள் அமைந்தன. காட்டுப் பாதையில் அஞ்சி நடந்த அடியார்கள் பெண்டிரும் பிள்ளைகளுமாக எளிதில் வந்து சேர்ந்தனர்.

மூன்றாவதாக வேண்டுவது, திருவிழா முடிந்தபின்னும் தங்கி உழைக்கும் ஆட்கள். 1948இல் திருக்கேதீச்சர ஆலயத் திருப்பணிச் சபை தோன்றிற்று. இலங்கை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்துப் பின் அமைச்சராகவும் விளங்கிய சர் கந்தையா வைத்தியநாதன் இதில் முன்னின்றார். அவர் பதவியால் வந்த செல்வாக்கையெல்லாம் இப்பணிக்கே ஆக்கி, ஓய்வுக்காலத்தையும் இத்தலத்துக்கே அளித்தார். கோயிலைச் சுற்றி மடங்கள் எழுந்தன. அடியார்க்குத் தங்குமிடமும் அன்னமும் கிடைத்தன. 1965இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 1976இல் கும்பாபிஷேகம் சிறப்புற நடந்தேறியபொழுது, நாவலரைப் போலவே அவரும் அதனைக் காண இருந்திலர். வித்திட்டவர் ஒருவர், நீர் வார்த்தவர் ஒருவர், கனி கண்டவர் பிறர். பாழ்பட்ட பதியை எடுப்பிக்கும் பணி ஒரு தலைமுறையில் முடிவதன்று.

எதிர்க்கரை காட்டும் பாடம்

சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தை நினைந்து நின்ற இராமேச்சரத் தீவின் கோடியில் தனுக்கோடி உள்ளது. தலைமன்னாருக்குச் செல்லும் கப்பல் புறப்பட்ட துறை அது. புகைவண்டி நிலையம், அஞ்சல் நிலையம், தேவாலயம், பள்ளி, வீடுகள் என ஓர் ஊருக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. 1964 டிசம்பரில் வீசிய புயலும் கடற்பெருக்கும் ஓர் இரவில் அவ்வூரை அழித்தன. அதன்பின் அது குடியிருக்கத் தகாத இடமென்று விடப்பட்டது. மீனவக் குடும்பங்கள் சில மட்டும் குடிசையிட்டு வாழ்ந்தன. 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை திறக்கப்பட்டபின் வண்டி வண்டியாக மக்கள் வருகின்றனர், இடிந்த சுவர்களைப் பார்க்கின்றனர், மாலையில் திரும்பிவிடுகின்றனர்.

பார்க்க வருவோர் பெருகுதலும் ஊர் உயிர்பெறுதலும் ஒன்றல்ல. பகலில் நூறு வண்டி வந்து நிற்கும் இடத்திலும் இரவில் ஒரு வீட்டு அடுப்பு எரியாவிடில் அது பாழே. வருவோர் பெருமைக்குரிய விருந்தினர். ஆயினும் கரை உடைந்த இரவில் மண்வெட்டியுடன் ஓடிவருவார் குடியிருப்போரே யன்றி விருந்தினர் அல்லர். பழைய ஊர்களைப் புதுப்பிக்க முற்படுவோர் எந்நாட்டவராயினும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. கடலரிப்பால் குடியிருத்தற்கு ஆகாத இடமும் உண்டு; அங்கே நினைவைக் காத்தலே அமையும். குடியிருத்தற்கு ஆகும் இடத்திலோ குடியை வருவித்தலே உண்மையான திருப்பணியாகும்.

மீண்டும் ஒரு பாழ்

திருக்கேதீச்சரத்தின் சோதனை 1976உடன் முடிந்துவிடவில்லை. ஈழத்தில் போர் மூண்டபொழுது அகழாய்வு 1984இல் நின்றது. 1990இல் அப்பகுதி படைகளின் வசமாயிற்று, மக்கள் இடம்பெயர்ந்தனர், புகைவண்டி நின்றது, மடங்கள் சிதைந்தன, அன்பர்கள் சென்று வழிபடுதற்கும் இயலாத காலம் ஒன்று வந்தது. அரை நூற்றாண்டாகச் சிறிது சிறிதாகச் சேர்த்தவை சில ஆண்டுகளில் குலைந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் நேர்ந்ததை ஏட்டில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைக் கண்ணெதிரே கண்டனர்.

ஆயினும் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. முன்னர்ப் பாழ்பட்ட பதி மீள முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. இம்முறையோ, வழி திறந்தவுடன் மக்கள் திரும்பினர். அதற்குக் காரணம், அவ்விடத்தைத் தம் ஊரென்று கருதுவார் இன்னும் உயிரோடிருந்தமையே. பாலாவியில் நீர் முகந்த கைகள் எங்கெங்கோ அகதியாய்த் திரிந்தபோதும் அக்குடத்தை மறக்கவில்லை. கடல்கடந்து சென்றவர்களும் அங்கிருந்தே பொருள் அனுப்பினர். 2015இல் தலைமன்னார்ப் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. திருக்கோயிலைக் கருங்கல்லால் எடுப்பிக்கும் பணிக்கு இந்திய அரசு உதவியது. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் துணையும் கிடைத்தது. 2022 சூலையில் கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. கல்லால் எழுந்த கோயிலைக் கண்டு கண்ணீர் மல்கியோர் பலர்.

அன்பர் கடமை

கோயிலில்லாத ஊரில் குடியிருத்தல் தகாது என்பது ஆன்றோர் வழக்கு. அதன் மறுபக்கத்தையும் திருக்கேதீச்சர வரலாறு கற்பிக்கின்றது. குடியில்லாத ஊரில் கோயில் தழைத்தல் அரிது. நீர், குடி, வழிபாடு என்னும் மூன்றும் முக்காலியின் மூன்று கால் போன்றன. ஒன்று முறியினும் மற்றிரண்டும் நில்லா. துறைமுகமும் குடியும் தேய்ந்தமையால் தாழிகுமரன் கோயில் மறைந்தது. மூன்றையும் சேர்த்துத் தேடியவர்களால் கேதீச்சரம் மீண்டது.

ஆதலின் எந்த ஊரிலும் திருப்பணிக்குப் பொருளுதவும் அன்பர்கள் சில வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் நலம். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுமுன், திருக்குளத்துக்கு நீர் வரும் கால் அடைபடாமல் இருக்கிறதா? கலசத்துக்குப் பொன் பூசுமுன், அருச்சகரும் ஓதுவாரும் நாகசுரக்காரரும் மனைவி மக்களோடு வாழ்தற்குரிய வீடு அவ்வூரில் உண்டா? திருவிழாப் பந்தலுக்குச் செலவிடுமுன், ஊரிலுள்ள பிள்ளைகள் படிப்பதற்கும் நோயுற்றார் மருந்து பெறுதற்கும் வழியுண்டா? இவை கோயிலுக்குப் புறம்பான வினாக்கள் அல்ல. இவற்றுக்கு இல்லை என்று விடை வருமாயின், ஊரார் ஒருவர்பின் ஒருவராக நகரத்துக்குப் பெயர்ந்துவிடுவர். பொன்பூசிய கலசத்தின்கீழ் ஒரு காலப் பூசைக்கும் ஆளிராது. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இந்நிலை இன்று கண்கூடு.

பழையதைப் பயன்படுத்தும் திறமும் வேண்டும். யாத்திரிகர் வாராது பூட்டிக் கிடக்கும் மடம் தேவாரப் பாடசாலையாகலாம். ஆளில்லா அக்கிரகார வீடும் வேளாளர் வீடும் செப்பனிட்டால் ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் உறைவிடமாகலாம். இடிந்த மண்டபத்துத் தூண்கள் நூல்நிலையத்தைத் தாங்கலாம். சுண்ணாம்பும் மரமும் கொண்டு முன்னோர் கட்டியவற்றை அம்முறை அறிந்த கொத்தரைக் கொண்டே செப்பனிடுதல் முறை. கல்வெட்டுள்ள கற்களை மணற்பீற்றிச் சுரண்டுவதும், அவற்றின்மேல் வண்ணம் பூசுவதும், அவற்றைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போடுவதும் முன்னோரின் கையெழுத்தை அழிப்பதேயாகும். தாழிகுமரன் கல் அழிந்திருப்பின் அவன் செய்த அறம் இன்று யார்க்குத் தெரியும்?

ஒரு கும்பாபிஷேகம் முடிந்து பந்தல் பிரித்தபின், மறுநாள் மாலை அந்தி சாயும் பொழுதில் அச்சந்நிதியில் விளக்கேற்றுவதற்கு ஒருவர் வருகிறாரல்லவா? அவர் வந்தால் ஊர் உள்ளது. அவர் மகனும் வந்தால் ஊர் நிலைக்கும். நாவலர் முதலாய பெரியோர் காடாய்க் கிடந்த மாதோட்டத்தில் அவ்வொரு விளக்கையே வேண்டினர். கும்பாபிஷேக மலரைக் கையில் ஏந்தும் அன்பர்கள் கல்லுக்கு ஈந்ததுபோலவே குளத்துக்கும் குடிக்கும் ஈந்து, தம் ஊர்க் கோயிலும் தம் ஊரும் ஒருங்கே வாழும்படி செய்வார்களாக. பாலாவிக் கரையில் எழுந்தருளியுள்ள கௌரியம்மை சமேத திருக்கேதீச்சரப் பெருமான் திருவருள் அனைவர்க்கும் துணைநிற்பதாக.

மேன்மைகொள் சைவம் ஓங்குக! ஊர்கள் தழைக்க!

திருச்சிற்றம்பலம்